பின்னாடி யாரோ பேசுறாங்க

அம்மா ஹாலில் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்பதே எனக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் உறைத்தது. செகண்ட் ஹாண்டில் ஒரு பழைய ரிசீவர் வாங்கி, முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயர் இழுத்து மாட்டியிருந்தேன். அம்மாவின் நாற்காலி பின்சுவர் பக்கம். படம் ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒருநாள் கேட்டதற்குச் சொன்னார்: "முன்னாடி வாய் அசையுது, பின்னாடி யாரோ பேசுறாங்கடா. தலை வலிக்குது."

காது மந்தமாகிவிட்டதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். தலைவலிதான் கூடியது.

மெனுவில் 'சரவுண்ட் டிலே' என்று ஒரு வரி. 15 முதல் 30 மில்லிசெகண்ட் வரை வைக்கலாம். முதல் நாளே அதை 15ல் வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் லேட்டன்சி என்றாலே எதிரி. குறைக்க முடிந்தால் குறைப்போம், யோசிக்கவே மாட்டோம். ஆனால் தாமதம் கெட்டது என்றால், இந்தப் பெட்டியில் பூஜ்யம் என்ற தேர்வே ஏன் இல்லை? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைக்குள் இழுத்துப் போனது.

தியேட்டரில் ஒலி நம்மைச் சுற்றி வர வேண்டும் என்ற ஆசை பழையது. 1940 நவம்பரில் நியூயார்க்கில் வெளியான டிஸ்னியின் 'ஃபேன்டேசியா'வுக்காக ஃபேன்டசவுண்ட் என்ற அமைப்பையே உருவாக்கினார்கள். ஒலிக்கென்று தனி ஃபிலிம். அதில் மூன்று ஒலித்தடங்கள், சத்த அளவைக் கட்டுப்படுத்த நான்காவதாக ஒரு தடம். பிரமாதமான வேலை, ஆனால் செலவு எக்கச்சக்கம். மிகச் சில ஊர்களோடு நின்றுபோனது.

1970களில் டால்பி நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கு இருக்கும் இடம் இரண்டு தடங்களுக்குத்தான். அதற்குள் இடம், நடு, வலம், பின்பக்கம் என நான்கையும் மடித்து வைத்தார்கள். வசனம் இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்க ஒலி ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வசனம் அடிபட்டுப்போய், பின்பக்க ஒலி மிஞ்சும். 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இந்த டால்பி ஸ்டீரியோவை ஊரறியச் செய்தது.

கழித்தல் கணக்கு தாளில் சுத்தமாக இருக்கும். நடைமுறையில் இரண்டு தடங்களுக்கும் நடுவே கொஞ்சம் ஏற்றத்தாழ்வு வந்தாலும், கழிபடாத வசனம் பின் ஸ்பீக்கரில் கசியும். முக்கியமாக 'ஸ', 'ஷ' போன்ற சீறும் ஒலிகள். அதனால் பின்பக்கத்தில் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டினார்கள். கூடவே, வேண்டுமென்றே தாமதப்படுத்தினார்கள்.

ஏன் தாமதம்? இதற்கான விடை 1949லேயே வந்துவிட்டது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வில், பேச்சையும் அதன் எதிரொலியையும் நம் காது எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அளந்தார். ஒரே ஒலி இரண்டு திசைகளிலிருந்து வந்தால், முதலில் வந்து சேரும் திசையையே காது நம்புகிறது. ஏறக்குறைய 5 முதல் 30 மில்லிசெகண்ட் பிந்தி வருவது 10 டெசிபல் வரை கூடுதலாக இருந்தாலும், அதைத் தனி ஒலியாகக் கணக்கில் எடுப்பதில்லை. முந்தி வந்தவன் சொன்னதுதான் செல்லும்!

இந்த மடிப்பை விரிக்கும் கருவி 1982ல் வீட்டுக்கு வந்தது. 1987ல் ப்ரோ லாஜிக் என்ற மேம்பட்ட வடிவம். என்னிடம் இருப்பது அந்த வம்சம்தான். டேப் எடுத்து அளந்தேன். அம்மாவின் காதிலிருந்து முன் ஸ்பீக்கர் 4 மீட்டர், பின் ஸ்பீக்கர் 1 மீட்டர். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். அப்படியென்றால் பின் ஸ்பீக்கர் 9 மில்லிசெகண்ட் முன்னிலையில் இருக்கிறது. நான் வைத்த 15ல் மிச்சம் வெறும் 6. பக்கத்திலேயே இருப்பதால் சத்தமும் அதிகம். அம்மாவின் காது சரியாகத்தான் இருந்தது. என் கணக்குதான் தப்பு.

ஒரு எச்சரிக்கை. 1992ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் வந்தபின், பின்பக்கத்துக்கே தனித் தடங்கள் கிடைத்தன. அந்தக் கசிவுப் பிரச்சினை போனது. புது ரிசீவர்களின் மெனுவில் இதே இடத்தில் பெரும்பாலும் 'தூரம்' என்று இருக்கும். அங்கே நோக்கமே தலைகீழ்: எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வர வேண்டும். அதனால் உட்காரும் இடத்திலிருந்து அளந்து, உள்ளது உள்ளபடி போட்டால் போதும். பழைய பெட்டியில் பிந்தி வரணும், புதியதில் சேர்ந்து வரணும்.

நான் டிலேயை 30க்கு ஏற்றி, பின் ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி படம் போட்டதும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது. எழுந்திருக்கவில்லை. இடைவேளையில் கேட்டார்: "பின்னாடி இருந்த ஸ்பீக்கரைக் கழட்டிட்டியா?"