பெயரும் வகையும் முன்னே: பாஸ்கல் பாஷையின் பூர்வகதை

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப் புகும் மாணாக்கன், தான் கையாளவிருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, அது முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா என்பதையும் முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும் என்னும் நியமத்தை, இயந்திரத்தின் சௌகரியமாக மட்டும் எண்ணாது போதனையின் அஸ்திவாரமாகவே கொண்டவர், ஜூரிக் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த நிக்லாஸ் விர்த். அல்கால் பாஷைக்கு வாரிசு தேடிய சர்வதேசக் குழு தம் யோசனையை ஏற்காது போகவே, அவர் தனியே வகுத்து 1970இல் வெளியிட்ட பாஷை பாஸ்கல்.

மனிதன் எழுதியதை இயந்திரம் அறியும் எண்களாக மாற்றித்தரும் கம்பைலரை ஃபோர்ட்ரான் என்னும் பாஷையில் எழுத முயன்ற முதற் பிரயத்தனம் தோற்றது. அடுத்துச் செய்த காரியத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது: எந்த இயந்திரத்துக்கும் அதுவரை விளங்காத பாஸ்கலிலேயே பாஸ்கலின் கம்பைலரை எழுதி, அதைத் தாழ்நிலைப் பாஷையொன்றில் கையாலேயே பெயர்த்து இயந்திரத்தில் ஏற்றினார்கள், ஏறியபின் அது தன் மூலத்தைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டது.

தொடக்கப் பாடம் எளியது. ‘வார்’ என்ற சொல்லின்கீழ் வயதுக்கு ஒரு பெயரிட்டு, முக்காற்புள்ளி வைத்து, முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டிஜர்’ என்று எழுதவேண்டும். பிறகு அந்த வயதில் ஒருவர் பெயரை இட முயன்றால், நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் மறுத்துவிடும். துளையட்டைக் கட்டை ஒப்படைத்துவிட்டு விடைக்குக் காத்துக்கிடந்த அந்நாளில், இந்தக் கண்டிப்பு ஆரம்ப மாணாக்கனுக்குச் சற்றுக் கடுமையாகவே இருந்திருக்கும்.

ஆயினும் அந்தக் கண்டிப்பிலேயே வேகத்தின் வித்தும் இருந்தது. எதையும் அறிவித்த பின்னரே பயன்படுத்த வேண்டுமாதலால், கம்பைலர் மேலிருந்து கீழாக ஒரே முறை வாசித்தாலே போதும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் இதை நன்குணர்ந்து எழுதிய கம்பைலரை, 1983இல் போர்லண்ட் நிறுவனம் ‘டர்போ பாஸ்கல்’ என்று 49.95 டாலருக்கு விற்றது. எழுதுமிடமும் கம்பைலரும் ஒன்றாயிருந்தமையால், பிழை கண்ட மாத்திரத்தில் அது நின்று, பிழையுள்ள இடத்துக்கே மாணாக்கனை அழைத்துச் சென்றது. காத்திருப்பு க்ஷணங்களாகச் சுருங்கவே, முன்பு தண்டனையாகத் தோன்றிய மறுப்பு, அருகிலிருந்து திருத்தும் உபாத்தியாயரின் சொல்லாயிற்று.

அதே ஹைல்ஸ்பெர்க் பின்னாளில் மைக்ரோசாஃப்டில் வகுத்து 2012இல் வெளியான டைப்ஸ்கிரிப்ட் பாஷை, வகையறிவிப்பே இன்றி வளர்ந்திருந்த ஜாவாஸ்கிரிப்ட் பாஷைக்கு அந்த ஜூரிக் நியமத்தைக் கொண்டுசேர்த்தது.