சென்னை மாநகரில் தனியார் பள்ளிகளின் வளர்ச்சியும் சேர்க்கைப் போட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சென்னை மாநகரில் பெயர்பெற்ற தனியார் பள்ளிகளின் வாயிலில், எல்.கே.ஜி. வகுப்பிற்கான விண்ணப்பப் படிவத்தைப் பெறுவதற்காகப் பெற்றோர் இரவெல்லாம் வரிசையில் காத்திருந்த செய்திகளைத் தமிழக நாளிதழ்கள் பல்லாண்டுகளாக வெளியிட்டு வந்துள்ளன. இந்நிலைக்குக் காரணம் கூற முற்படுவோர் பெரும்பாலும் 'ஆங்கில மோகம்' என்னும் ஒரு தொடரோடு நின்று விடுகின்றனர். மோகம் என்பது பெற்றோரின் மனத்தைக் குறிக்கும் சொல். அம்மனநிலை ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தோன்றியது, ஏன் ஒரு குறிப்பிட்ட வகைப் பள்ளியை நோக்கித் திரும்பியது என்பனவற்றை அச்சொல் விளக்குவதில்லை.

சென்னையில் தனியார் பள்ளிகளின் பெருக்கத்தையும் அவற்றில் இடம்பெற எழுந்த போட்டியையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அரசு மேற்கொண்ட சில நிருவாக முடிவுகளே இப்போட்டிக்கு அடித்தளம் அமைத்தன என்பதும், பின்னர் வந்த சட்டங்கள் போட்டியின் விளைவுகளைத் தொட்ட அளவிற்கு அதன் வேரைத் தொடவில்லை என்பதும் நாம் இங்கு முன்வைக்கும் கருத்துகளாகும்.

காலனிய காலப் பின்புலம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் நுழைவுத் தேர்வாக விளங்கிய மெட்ரிகுலேசன் தேர்வே அக்காலத்து உயர்நிலைப் பள்ளிகளின் இலக்காக அமைந்தது. பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்தது. 1910ஐயொட்டி எஸ்.எஸ்.எல்.சி. முறை நடைமுறைக்கு வந்தபின் பெரும்பான்மைப் பள்ளிகள் அரசின் தேர்வுமுறைக்கு மாறின. 1930களின் பிற்பகுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் மாநகரின் பெரும்பான்மை மாணவர் தமிழ்வழியிலேயே எஸ்.எஸ்.எல்.சி. பயின்றனர்.

இக்காலத்தில் தனியார் பள்ளி என்னும் சொல் இன்று தரும் பொருளைத் தரவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பச்சையப்பன் அறக்கட்டளைப் பள்ளிகள், கிறித்தவ சமயப் பணியாளர் நடத்திய பள்ளிகள் முதலியன தனியாரால் நிறுவப்பட்டவையே. ஆயினும் அவை அரசின் மானியம் பெற்று, அரசின் பாடத்திட்டத்தைப் பின்பற்றிக் குறைந்த கட்டணத்தில் கற்பித்தன. இவற்றோடு மாநகராட்சிப் பள்ளிகளும் இருந்தன. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920ஆம் ஆண்டு நீதிக்கட்சியினரின் முயற்சியால் மதிய உணவு வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. நடுத்தர வகுப்பினரும் ஏழை மக்களும் ஒரே பாடநூலைப் பயின்று ஒரே தேர்வை எழுதிய காலம் அது. ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளும் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் முறையில் எஞ்சியிருந்த ஒரு சில பள்ளிகளும் மட்டுமே அப்பொதுப் போக்கிலிருந்து விலகி நின்றன.

பல்கலைக்கழகத்திலிருந்து அரசுக்கு

1970களின் பிற்பகுதியில் மெட்ரிகுலேசன் பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலிருந்து மாநில அரசின் பொறுப்பிற்கு மாற்றப்பட்டன. அவற்றிற்கெனத் தனி வாரியம் அமைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டு தனி ஒழுங்குமுறை விதித்தொகுப்பும் வகுக்கப்பட்டது. அப்பொழுது தமிழகம் முழுவதிலும் இருந்த மெட்ரிகுலேசன் பள்ளிகளின் எண்ணிக்கை 50ஐக்கூட எட்டவில்லை. 2000களின் இறுதிக்குள் அவ்வெண்ணிக்கை 3,000ஐக் கடந்தது.

மறையும் நிலையிலிருந்த ஒரு பிரிவு இவ்வாறு பெருகியமைக்கு அதன் நிருவாக அமைப்பே முதற்காரணம் எனலாம். அரசின் அறிந்தேற்பு அதற்கு உண்டு. ஆனால் அரசின் மானியம் இல்லை. மானியம் பெறாமையால் கட்டணம் விதிப்பதில் நெடுங்காலம் கட்டுப்பாடும் இல்லை. ஆங்கிலவழிக் கல்வியும் அதன் இயல்பாகவே அமைந்திருந்தது. பொதுக்கல்வி முறைக்கு வெளியே, ஆயினும் அரசின் சான்றிதழோடு, பள்ளி நடத்த இதனினும் எளிய வழி வேறில்லை.

அடுத்த முடிவு 1990களில் வந்தது. 1991-92ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் வழங்கப்படமாட்டாது என்பது சட்டமாயிற்று. இதன்பின் மானியப் பள்ளி என்னும் வகை வளர்ச்சியற்று நின்றது. மாநகரம் தெற்கே தாம்பரம் நோக்கியும் மேற்கே அம்பத்தூர், ஆவடி நோக்கியும் பரவியபொழுது, புதிய குடியிருப்புகளில் தனியார் முயற்சியால் எழுந்த பள்ளிகள் யாவும் கட்டணப் பள்ளிகளாகவே எழுந்தன. மயிலாப்பூரில் ஒரு தலைமுறைக்கு முன் இருந்த 'குறைந்த கட்டணமுடைய நல்ல பள்ளி' என்னும் தெரிவு புறநகர்ப் பெற்றோருக்குக் கிட்டவில்லை.

மேனிலைக் கல்வியும் மதிப்பெண்ணும்

1978ஆம் ஆண்டு புகுமுக வகுப்பு கல்லூரிகளிலிருந்து நீக்கப்பட்டு, மேனிலை வகுப்புகள் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. இதனால் கல்லூரி நுழைவைத் தீர்மானிக்கும் மதிப்பெண் பள்ளியின் கைக்கு வந்தது. 1980களின் நடுப்பகுதியில் தனியார் பொறியியற் கல்லூரிகள் தோன்றத் தொடங்கின. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வும் அக்காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. பள்ளியின் பெயர் அதன் +2 தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு அளக்கப்பட்டது. மாநில அளவில் முதலிடம் பெற்ற மாணவரின் ஒளிப்படம் பள்ளியின் விளம்பரமாயிற்று. அரசு இத்தகைய தரவரிசை அறிவிப்பை 2017ஆம் ஆண்டில்தான் கைவிட்டது.

இங்குப் போட்டியின் உள்ளியக்கத்தை நாம் காணலாம். மேனிலை வகுப்பில் நல்ல பள்ளி வேண்டுமாயின், அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருக்க வேண்டும்; ஆறாம் வகுப்பில் இடங்கள் அரிதாகலின் முதல் வகுப்பிலேயே சேர்ந்திருக்க வேண்டும்; முதல் வகுப்பின் இடங்களோ மழலையர் வகுப்பிலேயே நிரம்பி விடுகின்றன. பதினேழு வயதில் நிகழும் தேர்வின் அச்சம் படிப்படியாகக் கீழிறங்கி மூன்றரை வயதுக் குழந்தையின் மீது வந்து நின்றது. வரிசையில் நின்ற பெற்றோர் ஆங்கிலத்தை மட்டும் வேண்டி நிற்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கவிருந்த கல்லூரி இடத்திற்காகவும் நின்றனர்.

நிலமும் இடப்பற்றாக்குறையும்

தேவை பெருகியதுபோல் இடங்கள் பெருகவில்லை. எழும்பூர், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளிலிருந்த பழம்பெரும் பள்ளிகளால் தம் வளாகத்தை விரிக்க இயலவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் பள்ளிக் கட்டட விதிகளும் நிலப்பரப்பு விதிகளும் கடுமையாயின. மாநகராட்சிப் பகுதியில் பள்ளி நடத்தக் குறைந்தது 6 கிரவுண்ட், அதாவது 14,400 சதுர அடி நிலம் வேண்டும் என வரையறுக்கப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்புக் கருதிய இவ்விதி தேவையானதே. ஆயினும் நிலவிலை உயர்ந்த மாநகரின் நடுப்பகுதியில் புதிய பள்ளி எழுவதை அது மேலும் அரிதாக்கியது. இருந்த பள்ளிகளின் மதிப்பு கூடியது. அவற்றின் தேர்ந்தெடுக்கும் ஆற்றலும் கூடியது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் நேர்காணல், பெற்றோரின் கல்வித் தகுதி பற்றிய வினா, முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, நன்கொடை ஆகியன இத்தகைய சூழலில் வேரூன்றின. நன்கொடை வசூலைத் தடுக்க 1992ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தும் அவ்வழக்கம் ஒழியவில்லை.

தமிழின் நிலை

இவ்வளர்ச்சியில் தமிழ்மொழி அடைந்த நிலை தமிழாசிரியர்களாகிய நாம் தனித்து நோக்கத்தக்கது. மெட்ரிகுலேசன் முறையில் பயின்ற மாணவர் இந்தி, சமற்கிருதம், பிரெஞ்சு ஆகியவற்றுள் ஒன்றை மொழிப்பாடமாகக் கொண்டு, தமிழைக் கல்லாமலேயே பள்ளிப் படிப்பை முடிக்க இயன்றது. தமிழகத்தின் தலைநகரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த குழந்தை தமிழ் எழுத்தறியாமல் பட்டதாரியாவது இயல்பான நிகழ்ச்சியாயிற்று.

தமிழறிஞர்களின் தொடர்ந்த வலியுறுத்தலின் விளைவாக, தொடக்க வகுப்புகளில் தமிழையோ தாய்மொழியையோ பயிற்றுமொழியாக்கும் ஆணையை அரசு 1999 நவம்பரில் பிறப்பித்தது. 2000ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்வாணையை நீக்கியது. கருநாடக மாநில வழக்கில் 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் பயிற்றுமொழியை அரசு திணித்தலாகாது என்றே உரைத்தது. எனவே தமிழைப் பயிற்றுமொழியாக்கும் வழி சட்டத்தால் அடைபட்டது. எஞ்சியது பாடமொழி என்னும் வழி. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006-07இல் முதல் வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, ஆண்டுதோறும் ஒரு வகுப்பாக மேலே கொண்டு சென்றது.

இவ்விடத்தில் சிங்கப்பூரின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் பெற்றோரின் தெரிவால் தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஆயினும் 1966 முதலே இடைநிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாக இருந்தமையால், தமிழ் பாடமொழியாக நிலைபெற்றது. தமிழர் சிறுபான்மையராக வாழும் நாட்டில் கிடைத்த இப்பாதுகாப்பு, அவர்கள் பெரும்பான்மையராக வாழும் சென்னையின் தனியார் பள்ளிகளில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது.

சட்டங்களும் அவற்றின் எல்லையும்

2009 முதல் மூன்று வகையான சட்டத் தலையீடுகள் நிகழ்ந்தன. முதலாவது கட்டணம் பற்றியது. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிபதி கோவிந்தராசன் தலைமையில் அமைந்த குழு 2010இல் பள்ளிதோறும் கட்டணம் நிர்ணயித்தது. இரண்டாவது பாடத்திட்டம் பற்றியது. மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ-இந்தியன், கீழைமொழி ஆகிய நான்கு பாடத்திட்டங்களையும் ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் நிறைவேறியது. ஆட்சி மாற்றத்தின்பின் அது நிறுத்தி வைக்கப்பட்டமையால், 2011இல் பள்ளிகள் திறந்தும் மாணவர் வாரக்கணக்கில் பாடநூலின்றி இருந்தனர். ஆகஸ்டு 9ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது சேர்க்கை பற்றியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நேர்காணல் வழியான தெரிவைத் தடைசெய்து, சிறுபான்மையர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது.

இவை ஒவ்வொன்றும் பயன் விளைத்தன; எனினும் ஒவ்வொன்றிற்கும் ஒரு மாற்றுவழி காணப்பட்டது. பாடத்திட்டம் பொதுவானவுடன் மெட்ரிகுலேசன் என்னும் பெயரின் தனிமதிப்புக் குறைந்தது. பல பள்ளிகள் மைய இடைநிலைக் கல்வி வாரியத்தின் இணைப்பை நாடின. உயர்ந்த பள்ளி எது என்னும் பெற்றோரின் அளவுகோல் இடம்பெயர்ந்ததேயன்றி மறையவில்லை. 25 விழுக்காட்டு இடங்களுக்கான கட்டணத்தை அரசே ஈடுசெய்வதால், அத்திட்டம் நிதியை நம்பியதாயிற்று. 2025ஆம் ஆண்டு மைய அரசின் நிதி விடுவிக்கப்படாமையால் தமிழகத்தில் அச்சேர்க்கை பல மாதங்கள் தாமதமடைந்தது.

அண்மைக்கால மாற்றங்கள்

கொரோனாப் பெருந்தொற்றின்பொழுது, 2020-21, 2021-22 ஆகிய கல்வியாண்டுகளில், வருவாய் இழந்த பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றினர். கட்டணப் பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழ் மறுக்கப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்குரிய கருவியாக்கலாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. இவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினர் பின்னர்த் தனியார் பள்ளிகளுக்கே திரும்பினர்.

இதே காலத்தில், அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு இடம் 2020இல் ஒதுக்கப்பட்டது. 2021இல் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. அரசுப் பள்ளியில் படித்தமையே கல்லூரி நுழைவிற்கு ஒரு தகுதியாயிற்று என்பது இந்நீண்ட வரலாற்றில் புதியது. பெற்றோரின் கணக்கை மாற்றும் ஆற்றல் அறிவுரைக்கு இல்லை, வாய்ப்பிற்கு உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

மறுபுறம், 2012ஐயொட்டி அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாயின. மாணவரைத் தக்கவைக்கும் நோக்கில் தொடங்கப்பட்ட இப்பிரிவுகள், தனியார் பள்ளிகளிலிருந்து மட்டுமன்றி அதே பள்ளியின் தமிழ்வழிப் பிரிவிலிருந்தும் மாணவரை ஈர்த்தன. அரசுப் பள்ளியின் மீட்சியும் தமிழ்வழிக் கல்வியின் மீட்சியும் ஒன்றல்ல என்பதை நாம் மறைத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சென்னையின் சேர்க்கைப் போட்டி பெற்றோரின் மோகத்தால் மட்டும் விளைந்ததன்று என்பது தெளிவாகும். மானியமற்ற ஒரு பள்ளி வகைக்கு அரசு அளித்த இடமும், மானியப் பள்ளிகளின் வளர்ச்சி நின்றமையும், மேனிலை மதிப்பெண்ணிற்கு ஏற்பட்ட பெருமதிப்பும், மாநகர நிலத்தின் அருமையும் ஒன்றுகூடி அதனை உருவாக்கின. பெற்றோரைக் குறைகூறும் சொற்பொழிவுகள் அரை நூற்றாண்டாக நிகழ்ந்தும் வரிசைகள் குறையவில்லை. வாய்ப்புகள் இடம்மாறியபொழுதே அவை சற்று அசைந்தன. மாணவர் எண்ணிக்கை குறைவதைக் கண்டு கவலும் மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இவ்வரலாறு பயன்படும். மொழிப்பற்றை வேண்டுவதோடு நில்லாது, தமிழ்ப்பள்ளியிலிருந்து மேற்கல்விக்குச் செல்லும் பாதையை உறுதிப்படுத்துவதே பள்ளியைக் காக்கும் முதற்பணியாகும்.