மூழ்கடித்தவனே கை கொடுத்த கதை

நீர்மூழ்கிக் கப்பல் படம் என்றால் எனக்குப் பைத்தியம். இருட்டு, வியர்வை, 'டிங் டிங்' என்று சோனார் சத்தம், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கும் முகங்கள். எதிரிகள் இரண்டு பேர் ஒரே இரும்புக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டு ஒற்றுமையாய்ப் பிழைக்கிற மாதிரி கதை வந்தால் மட்டும் "சும்மா ரீல் விடறாங்கப்பா" என்று சிரிப்பேன். 2011 ஜனவரியில் பிபிசியில் வந்த லாகோனியா கப்பல் பற்றிய இரண்டு பாகத் தொடரைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அது நிஜமாகவே நடந்தது.

1942 செப்டம்பர் 12, இரவு எட்டு மணி சுமார். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக் கடல். லாகோனியா என்ற பிரிட்டிஷ் கப்பல் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இங்கிலாந்து நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. முன்பு சொகுசுப் பயணிகள் கப்பல். போர் வந்ததும் பீரங்கி பொருத்தி, துருப்புக் கப்பலாக மாற்றிவிட்டார்கள். உள்ளே சுமார் 2,700 பேர். அதில் ஏறக்குறைய 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள். காவலுக்குப் போலந்து வீரர்கள். கூடவே பெண்கள், குழந்தைகள்.

யு-156 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இரண்டு டார்பிடோ விட்டது. போர் முறைப்படி இதில் தப்பே சொல்ல முடியாது, பீரங்கி வைத்த கப்பல் அது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் காலி. கேப்டன் ருடால்ஃப் ஷார்ப் கப்பலோடு போனார். பாவம், 1940ல் ஆயிரக்கணக்கானோரோடு மூழ்கிய லங்காஸ்ட்ரியாவுக்கும் அவர்தான் கேப்டன்.

யு-156ன் தளபதி வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன். மூழ்கும் கப்பலின் கேப்டனைப் பிடிக்கலாம் என்று பக்கத்தில் போனவர் காதில் இத்தாலிய மொழியில் அலறல் விழுகிறது. அட, நம்ம கூட்டாளி நாட்டுக்காரங்க! தன் பக்கத்து ஆட்களையே கொன்றுகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிகிறது.

இத்தாலியர்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் செய்யவில்லை. பிரிட்டிஷ்காரர், போலந்துக்காரர், பெண்கள் என்று வந்தவரையெல்லாம் ஏற்றினார். ஐம்பது பேர் சுமார் இருக்க வேண்டிய நீர்மூழ்கியில் உள்ளேயும் மேல்தளத்திலும் ஏறக்குறைய 200 பேர் கூடுதல்! இன்னும் ஒரு 200 பேர் இருந்த நான்கு படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார். சூப்பும் காபியும் கொடுத்தார்கள். சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே குவளையில்...

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாதது. செப்டம்பர் 13 காலை, சங்கேத மொழி எதுவும் இல்லாமல், வெளிப்படையான ஆங்கிலத்தில் ரேடியோவில் அறிவிக்கிறார். தான் இருக்கும் இடத்தைச் சொல்லி, உதவ வரும் எந்தக் கப்பலையும் தாக்க மாட்டேன், என்னையும் தாக்காதீர்கள் என்கிறார். போர்க்காலத்தில் ஒரு நீர்மூழ்கி தன் இருப்பிடத்தைச் சொல்வது கழுத்தை நீட்டுவதற்குச் சமம். பிரிட்டிஷ் தரப்பில் இது சூழ்ச்சியோ என்று சந்தேகப்பட்டார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் மீட்பைத் தொடர அனுமதித்தார். யு-506, யு-507, இத்தாலிய நீர்மூழ்கி கப்பெலினி மூன்றும் வந்து சேர்ந்தன. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து விஷி பிரான்சின் கப்பல்களும் கிளம்பின.

செப்டம்பர் 16. அசென்ஷன் தீவிலிருந்து ஒரு அமெரிக்க லிபரேட்டர் விமானம் தலைக்கு மேல் வருகிறது. யு-156 மீது பெரிய செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தது. மேல்தளம் முழுக்க ஆட்கள். உள்ளே பெண்கள் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஒரு பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரியே விளக்கு சிக்னல் கொடுத்தார். விமானி ஜேம்ஸ் ஹார்டன் தளத்தைக் கேட்கிறார், என்ன செய்ய? ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற அதிகாரியிடமிருந்து பதில்: மூழ்கடி.

குண்டு விழுந்தது. ஒன்று இழுத்துவந்த படகுகள் நடுவிலேயே விழுந்தது. ஹார்ட்டென்ஸ்டைனுக்கு வேறு வழி இல்லை. கயிறை வெட்டி, ஏறியிருந்தவர்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்லி, அடிபட்ட நீர்மூழ்கியோடு மூழ்கித் தப்பினார். காப்பாற்றிய கையாலேயே மறுபடி கடலில் விட வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுக் கப்பல்கள் பிறகு பலரை மீட்டன. மொத்தத்தில் பிழைத்தவர்கள் 1,100 சுமார். இறந்தவர்களில் பெரும்பான்மை இத்தாலியக் கைதிகள், கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள். ஒரு படகு 27 நாள் மிதந்து லைபீரியா கரை ஒதுங்கியது. புறப்படும்போது அதில் 68 பேர். இறங்கியது 16 பேர்.

அந்தக் குண்டு விழுந்த மறுநாளே டோனிட்ஸ் ஒரு உத்தரவு போட்டார். லாகோனியா உத்தரவு என்று பெயர். மூழ்கும் கப்பல்களில் இருப்பவர்களைக் காப்பாற்றும் முயற்சியே கூடாது, தண்ணீரில் தத்தளிப்பவனுக்குக் கை கொடுக்காதே. இனி எந்த ஹார்ட்டென்ஸ்டைனும் நின்று கை நீட்ட முடியாது. 1946ல் நியூரம்பெர்க் விசாரணையில் இந்த உத்தரவை டோனிட்ஸுக்கு எதிராக நீட்டினார்கள். ஆனால் அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே, பசிபிக்கில் நாங்களும் தடையற்ற நீர்மூழ்கிப் போர்தான் நடத்தினோம் என்று எழுத்துமூலம் சொல்லிவிட்டார். டோனிட்ஸுக்குப் பத்து வருடம் கிடைத்தது, நீர்மூழ்கிப் போர் விதிமீறலைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, ஹார்ட்டென்ஸ்டைன் ஹீரோவா? எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வரவில்லை. அந்த 2,700 பேரைத் தண்ணீரில் தள்ளியதே அவர்தானே. நாஜி ஜெர்மனிக்காகச் சண்டை போட்டவர், அதுவும் மறக்கக்கூடாது. ரிச்சர்ட்சனை வில்லனாக்கவும் மனசு வரவில்லை. அந்தத் தீவு ரகசிய விமானத்தளம், கொடி போட்ட நீர்மூழ்கியும் போர் நீர்மூழ்கிதான், நாளைக்கு அது இன்னொரு கப்பலை அடிக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நாலு நாள் ஒரு துண்டுக் கடலில் போர் நின்றது. யாரும் ஒப்பந்தம் போடவில்லை, ஒருத்தன் முதலில் கழுத்தை நீட்டினான், அவ்வளவுதான். அதை நம்பாமல் போனதற்கு விலை அன்று செத்தவர்கள் மட்டுமில்லை. அந்த உத்தரவுக்குப் பிறகு, கை நீட்ட ஆளில்லாமல் கடலில் தனியாய்ச் செத்தவர்களும்தான். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1943 மார்ச் 8, பார்படாஸுக்குக் கிழக்கே அமெரிக்கக் கேட்டலினா விமானம் ஒன்று யு-156ஐ மூழ்கடித்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. ஹார்ட்டென்ஸ்டைனும் போனார்.

இப்பவும் நீர்மூழ்கிப் படம் பார்க்கிறேன். ஆனால் எதிரிகள் கை குலுக்குகிற காட்சி வந்தால் "ரீல்" என்று சொல்ல வாய் வருவதில்லை. மேலே விமானச் சத்தம் கேட்கிறதா என்றுதான் காது போகிறது.