கட்டில் மட்டும் புதுசு

1) ரோம் நகருக்குப் போறவங்க எல்லாரும் ஸ்பானிஷ் படிக்கட்டுல போட்டோ எடுப்பாங்க. நீங்க போனா, கீழிருந்து பார்க்கும்போது படிக்கட்டை ஒட்டி வலது பக்கம் இருக்கிற வீட்டுக்குள்ளயும் போயிட்டு வாங்க. 1909-லிருந்து அது ஒரு அருங்காட்சியகம். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1821 பிப்ரவரி 23 அன்று இறந்த வீடு. வயசு 25தான். நோய், காசநோய்.

2) அவர் படுத்திருந்த அறையில் தலைக்கு மேல பூ வேலைப்பாடு செய்த கூரை. அவர் பார்த்துக்கிட்டே கிடந்த அதே கூரை. ஆனா கட்டில் அசல் இல்லை. தொத்திக்கும்னு பயந்து, அன்றைய ரோம் சட்டப்படி அந்த அறைச் சாமான்களை எரிச்சுட்டாங்க.

3) கீட்ஸ் மருத்துவம் படிச்சவர். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சி, 1816-ல் லைசென்ஸ். அம்மாவும் தம்பி டாமும் இதே நோயில் போனாங்க. தம்பியைக் கடைசி வரை கவனிச்சவர் இவர். 1820-ல் தனக்கு இருமலில் ரத்தம் வந்தப்போ, அதன் நிறத்தைப் பார்த்தே முடிவைப் புரிஞ்சுக்கிட்டார்.

4) ரோமில் பார்த்த டாக்டர் ஜேம்ஸ் கிளார்க் முதலில் வயித்துக் கோளாறுன்னு நினைச்சார். ரத்தத்தை எடுத்தாங்க, சாப்பாட்டைக் குறைச்சாங்க. பின்னாளில் விக்டோரியா மகாராணிக்கே வைத்தியம் பார்த்தவர் அவர்! அன்னிக்கு மருத்துவத்துக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882-ல்.

5) கூடவே இருந்தவர் ஓவியர் ஜோசப் செவர்ன். தூக்கம் வராம இருக்க, ஜனவரி 28 அதிகாலை 3 மணிக்கு கீட்ஸின் வியர்த்த முகத்தை வரைந்தார். சமைச்சு, ஊட்டி, பக்கத்திலேயே இருந்த செவர்ன் 85 வயசு வரை வாழ்ந்தார்.

6) இதை ஏன் சொல்றேன்? கட்டிலை எரிச்ச பயம் நம்ம வீடுகளில் இன்னும் போகல. டிபின்னு தெரிஞ்சதும் தனித் தட்டு, தனி டம்ளர். டிபி தட்டுல பரவாதுங்க. நுரையீரல் டிபி உள்ளவர் இருமும்போது காற்று வழியா பரவுது. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலானவங்களுக்கு அது நோயா மாறுறதில்லை.

7) ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? சளிப் பரிசோதனை செய்யுங்க. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரண டிபிக்கு 6 மாசம் மாத்திரை. நல்லாயிட்டேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. ஆரம்ப வாரங்களில் மாஸ்க் போடுங்க.

கீட்ஸுக்கு அந்த மாத்திரை கிடைக்கல. உங்க வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைங்க, வேளைக்கு மாத்திரையை எடுத்துக் குடுங்க, பக்கத்துல உக்காந்து பேசுங்க.