எரிந்த ஆறும் மேயர் ஸ்டோக்ஸும்

ஆறு ஒன்று தீப்பிடித்து எரிந்த கதை உங்களில் கனபேருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கதையோடு ஒரு படமும் சுற்றித் திரிகிறது. ஆற்றில் ஒரு படகு, அதை மூடிக் கட்டிக்கொண்டு கறுப்புப் புகை. கீழே குயஹோகா ஆறு, கிளீவ்லாண்ட், 1969 எண்டு போட்டிருப்பார்கள். படம் உண்மைதான், ஆண்டு பிழை. அது 1952 நவம்பரில் எடுத்த படம். 1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை மூண்ட தீயைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. படம்பிடிக்க ஆட்கள் போய்ச் சேருவதற்குள் தீயணைப்புப் படை அதை அணைத்துவிட்டது. அரை மணித்தியாலக் கதை. இரண்டு புகையிரதப் பாலங்களுக்குச் சேதம், சுமார் 50,000 டொலர் நட்டம்.

உள்ளூர்ப் பத்திரிகைகளே அதைப் பெரிதாகப் போடவில்லை. ஏனென்றால் அந்த ஆறு எரிவது கிளீவ்லாண்ட்காரருக்குப் புதினமில்லை. 1868 இலிருந்து திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. 1912 இல் ஐந்து பேர் இறந்துபோனார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு, பெயின்ற், உருக்கு என்று ஒரு நூற்றாண்டுத் தொழில் முழுக்க அந்தக் கரையில்தான் நடந்தது. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில் பிறந்த ஊரும் அதுதான். கழிவெல்லாம் ஆற்றுக்குள் போனது. தொழில் ஓடினால் சரி, ஆறு எப்படிக் கிடந்தால் என்ன என்ற மனநிலை.

ஓகஸ்ட் மாதம் ரைம் சஞ்சிகை இந்த ஆற்றைப் பற்றி எழுதி, பழைய 1952 படத்தைப் போட்டது. நிலவில் மனிதன் இறங்கிய செய்தியும் அதே இதழில் வந்ததால் நாடே வாங்கிப் படித்தது. அதற்குப் பிறகு கிளீவ்லாண்ட் என்றால் எரிந்த ஆறு என்றாகிவிட்டது. அந்த ஊரின் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் வரலாற்றில் 'ஆறு எரிந்தபோது இருந்த மேயர்' ஆகிப்போனார். இது அவருக்குச் செய்த அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். அந்த மனுசனை நினைக்க வேண்டியது தீக்காக இல்லை. தீக்கு முந்தி ஒன்று செய்தார், தீக்கு அடுத்த நாள் இன்னொன்று செய்தார். அந்த இரண்டுக்காகவும்தான்.

ஸ்டோக்ஸ் 1927 இல் கிளீவ்லாண்டிலேயே பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட்டார். தாய் வீடுகள் துப்புரவாக்கி இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தார். அரசு ஏழைகளுக்குக் கட்டிய அவுட்வெயிட் குடியிருப்பில் வாழ்க்கை. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, இராணுவத்துக்குப் போய், திரும்பிவந்து படித்துச் சட்டத்தரணி ஆனார். 1967 நவம்பரில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த அந்த நகரத்தில், முன்னாள் ஜனாதிபதி ராஃப்ற்றின் பேரனைச் சொற்ப வாக்குகளால் வென்றார். அமெரிக்காவின் பெருநகரம் ஒன்று ஒரு கறுப்பினத்தவரை மேயராகத் தெரிந்தது அதுதான் முதல்முறை.

பதவியேற்று ஒரு வருசத்துக்குள், 1968 நவம்பரில், ஆற்றையும் ஏரியையும் துப்புரவாக்க 10 கோடி டொலர் பிணைமுறி வெளியிட மக்களிடம் வாக்குக் கேட்டார். (பிணைமுறி என்றதும் எங்கட ஆட்களுக்கு மத்திய வங்கி ஞாபகம் வரும். இது அந்த மாதிரி இல்லை, கழிவுநீர்க் குழாய்களுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் நகரம் பட்ட கடன்.) மக்கள் பெரும்பான்மையாக ஆம் என்றார்கள். தீ வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. ஆறு எரிந்தபிறகுதான் ஊர் விழித்தது என்ற கதையை இந்தத் திகதி ஒன்றே உடைக்கிறது.

அதே வருசக் கோடையில் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஈரி ஏரிக் கரையில் குளிக்க முடியாத அளவுக்கு அழுக்கு. தண்ணீருக்குள் பிளாஸ்ரிக் திரை கட்டி, உள்ளே குளோரின் போட்டு, ஏரியின் ஒரு மூலையை நீச்சல்குளம் ஆக்கினார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தூரக் கடற்கரைகளுக்குப் போகக் காசில்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கோடை முழுக்கக் குளிக்க ஒரு இடம் கிடைத்தது.

தீ அணைந்த அடுத்த நாள், ஜூன் 23, ஸ்டோக்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். எரிந்த பாலத்தை மட்டும் காட்டியிருந்தால் அது வழமையான அரசியல். அவர் நகரத்தின் சொந்தக் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்தையும் காட்டினார். பிறகு முக்கியமான விசயத்தைச் சொன்னார்: தொழிற்சாலைகள் ஆற்றுக்குள் கழிவு விட அனுமதிப்பத்திரம் கொடுப்பது ஒஹாயோ மாநில அரசு; நகரத்துக்கு அவற்றின்மேல் அதிகாரமே இல்லை. புறநகர்களின் கழிவும் ஓடிவந்து சேர்கிறது, அதுவும் அவருடைய எல்லைக்கு வெளியே. ஏச்சு மட்டும் மாநகரசபைக்கு. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே விரலை நீட்டினார். வோஷிங்டனுக்கும் போய்ப் பணமும் சட்டமும் கேட்டார். அண்ணன் லூயிஸ் ஸ்டோக்ஸ் அப்போது காங்கிரஸ் உறுப்பினர்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1970 ஏப்ரலில் முதலாவது புவி நாள் வந்தபோது நாடெல்லாம் கொண்டாட்டம். ஸ்டோக்ஸ் முழுசாக மகிழவில்லை. சூழல் சூழல் என்று ஓடுகிற வேகத்தில் வீடில்லாதவரையும் பசித்தவரையும் நாடு மறந்துவிடுமோ என்று பயந்தார். அவரைப் பொறுத்தவரை நாறும் ஆறும், எலி ஓடும் வாடகை வீடும் ஒரே நகரத்தின் ஒரே வியாதி.

1971 இல் மூன்றாம் தடவை போட்டியிடாமல் விலகினார். அடுத்த வருசம், நிக்ஸனின் வீட்டோவையும் தாண்டி, காங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்த பிராந்தியக் கழிவுநீர் நிர்வாகமும் அதே 1972 இல்தான் வந்தது. ஆறு தெளிந்ததற்கு அவர் ஒருவர் மட்டும் காரணம் என்று சொல்ல வரவில்லை. பல ஆலைகள் மூடப்பட்டதும் ஒரு காரணம், அந்த வேலையிழப்பும் அதே ஏழைகளின் தலையில்தான் விழுந்தது.

ஸ்டோக்ஸ் 1996 இல் இறந்தார். 2002 இல் திறந்த கிளீவ்லாண்ட் சமஷ்டி நீதிமன்றத்துக்கு அவருடைய பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டடம் குயஹோகா ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. தீயின் 50 ஆவது வருசமான 2019 இல், அந்த ஆற்று மீனைச் சாப்பிடுவதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஆனாலும் பெருமழை பெய்தால் இப்போதும் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. அதைத் தடுக்க நிலத்துக்கு அடியில் பென்னாம்பெரிய சுரங்கங்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.