சிமெலுவே மக்கள் காத்த அமானிதம்

 

ஓராண்டின் வரவையும் செலவையும் உங்கள் பார்வைக்கு வைக்கும் இம்மலரில் வரலாறு ஒன்றையும் எழுதித் தருமாறு நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டனர். பொருளுக்குக் கணக்கு எழுதுவது போலவே, தான் பட்ட துன்பங்களுக்கும் ஒரு சமுதாயம் கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது நம் எண்ணம். அவ்வாறு எழுதி வைத்த ஒரு சிறு தீவின் வரலாற்றையே இங்கு கூற விழைகிறோம். அவர்கள் ஏட்டில் எழுதவில்லை. தம் பிள்ளைகளின் நெஞ்சில் எழுதினார்கள். எழுதிய அந்த ஒரே ஒரு சொல் 97 ஆண்டுகள் கழித்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

அடங்காத நிலம்

நம் வங்கக் கடலுக்குத் தென்கிழக்கே, இந்தோனேசியாவின் மேற்கெல்லையாக நீண்டு கிடப்பது சுமத்ரா. அதன் மேற்குக் கரைக்கு அப்பால், ஆழ்கடலின் அடியில் நெடும்பள்ளம் ஒன்று ஓடுகிறது. இந்தியப் பெருங்கடலைத் தாங்கி நிற்கும் புவித்தட்டு, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, அப்பள்ளத்தின் வழியே சுமத்ராவின் அடியில் நுழைந்து கொண்டிருக்கிறது. நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகம்தான் இது. ஆயினும் இரு தட்டுகளும் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக் கொள்வதால், பல தலைமுறைகளின் அழுத்தம் அங்கே சேர்கிறது. பூட்டு விடுபடும் நாளில் கடலடித்தளம் மேலெழும்புகிறது. அதன் மேலுள்ள நீர் முழுவதும் பேரலையாகப் புறப்படுகிறது.

அடியில் செல்லும் தட்டின் தாக்கத்தால் ஆழத்தில் உருகும் பாறைக் குழம்பே அங்குள்ள எரிமலைகளுக்கு ஊற்று. சுமத்ராவின் தோபா ஏரி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாயில் உண்டானது. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரகத்தோவா எரிமலை 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்தபோது 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது கடலலையே. இதே வரிசை வடக்கே நீண்டு நம் அந்தமான் கடலுக்குள்ளும் வருகிறது. இந்தியாவில் இன்றும் கனன்று கொண்டிருக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவு அங்கேதான் உள்ளது. ஆகவே, சுமத்ராவின் கதை யாரோ ஒருவருடைய கதையன்று. நம் கடலின் மறுகரைக் கதை.

1907: ஒரு வெள்ளிக்கிழமை

சுமத்ராவின் வடமேற்கே, ஆச்சே மாநிலத்தைச் சேர்ந்த தீவு சிமெலுவே. முஸ்லிம்கள் வாழும் தீவு அது. மீன்பிடித்தலும் வேளாண்மையும் அவர்களுடைய பிழைப்பு. வீடுகள் கடலோரத்தில் இருப்பினும், பல ஊர்களுக்குப் பின்னாலேயே குன்றுகள் உண்டு.

டச்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். 1907 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. நண்பகலை நெருங்கிய வேளையில் நிலம் நடுங்கியது. அந்நடுக்கத்தின் வலிமையைக் காட்டிலும் அதனைத் தொடர்ந்த அலையின் வலிமை மிகுந்திருந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். முதலில் கடல் பின்வாங்கியது. பவளத்திட்டுகள் வெளியே தெரிந்தன. நீரின்றி மீன்கள் துள்ளின. அவற்றைப் பொறுக்கக் கரையிறங்கியவர்கள் திரும்பவில்லை என்று தீவின் பெரியோர் சொல்லி வந்தனர். சிமெலுவேயிலும் அருகிலுள்ள நியாஸ் தீவிலும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணக்கு.

பிழைத்தவர்கள் அந்தப் பேரலைக்குத் தம் மொழியில் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு வழங்கினர். பெயரோடு நில்லாமல், அதற்குள் ஒரு கட்டளையையும் பொதிந்து வைத்தனர். நிலம் பலமாக நடுங்கினால், அதன்பின் கடல் உள்வாங்கினால், பொருளைத் தேடாதே, மீனைப் பொறுக்காதே, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு குன்றின் மேல் ஏறிவிடு என்பதே அது. பாட்டன்மார் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். ‘நான்டோங்’ என்னும் தங்கள் நாட்டுப் பாடல் வகையில் வைத்துப் பாடினார்கள். சிறு நடுக்கம் வந்தபோதெல்லாம் பெரியவர்கள் அக்கதையை மீண்டும் எடுத்துரைத்தார்கள். இவ்வாறு ஸ்மோங்கைக் கண்ணால் கண்டவர்கள் மறைந்த பின்னும், காணாதவர்கள் அதனை அறிந்திருந்தனர்.

மறந்த கரை

இதற்கு நேர்மாறான வரலாறும் அதே ஆச்சேயில் உண்டு. அந்நிலம் நம்மவர்க்குப் புதிதன்று. கி.பி. 1025-இல் முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற நாடுகளைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, சுமத்ராவின் வடமுனையிலிருந்த நாட்டை இலாமுரிதேசம் என்று குறிக்கிறது. பிற்காலத்தில் பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், நாகூர் ஆகிய துறைகளிலிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் துணிப் பொதிகளோடு ஆச்சேக்குச் சென்று வந்தன.

அந்த இலாமுரிக் கரையில் என்ன நிகழ்ந்தது என்பதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கரையோரத்தில் சிதறிக் கிடந்த பீங்கான் ஓடுகளையும், பழைய முஸ்லிம் அடக்கத்தலங்களின் மீஸான் கற்களையும் இடம் இடமாகக் குறித்துக் காலத்தைக் கணித்தபோது, தாழ்ந்த கரையிலிருந்த ஊர்கள் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஒரே வேளையில் வெறுமையாகிப் போனது தெரிந்தது. உயர்ந்த முனையிலிருந்த இலாமுரிக் குடியிருப்பு மட்டும் தப்பியது. சிமெலுவேயின் பவளப்பாறைகளும் இதற்குச் சாட்சி பகர்கின்றன. நிலம் உயரும்போதும் தாழும்போதும் பவளத்தின் வளர்ச்சியில் பதியும் அடையாளங்களைக் கொண்டு, 1394-ஐயும் 1450-ஐயும் ஒட்டி அங்கே பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்ததாக அறிஞர்கள் கணித்துள்ளனர்.

பின்னர் நிகழ்ந்ததுதான் நெஞ்சைத் தொடுகிறது. அலை துடைத்துச் சென்ற அதே தாழ்நிலத்தில் புதிய குடிகள் வந்து தங்கினர். ஆச்சே சுல்தான்களின் புகழ்மிக்க தலைநகரும் அங்கேயே எழுந்தது. ஆச்சே மொழியில் பேரலையைக் குறிக்கும் ‘இயே பெனா’ என்ற பழஞ்சொல் ஒன்று உண்டு. நாளடைவில் அதுவும் மக்களின் அன்றாட வழக்கிலிருந்து மறைந்தது. கல்லும் பவளமும் நினைவில் வைத்திருந்ததை மனிதர் மறந்தனர்.

இரு கரைகளும் ஒரே காலையில்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடம். சிமெலுவே தீவுக்கு வடக்கே கடலடியில் பூட்டு விடுபட்டது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குப் புவித்தட்டு பிளந்து நகர்ந்தது. அளவு 9.1. 1964-க்குப் பின் உலகம் காணாத பெருநடுக்கம் அது.

மறந்த கரையான பண்டா ஆச்சேயில், நடுக்கம் ஓய்ந்ததும் மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றனர். உள்வாங்கிய கடலில் மீன் பொறுக்கச் சிலர் இறங்கினர். அரை மணி நேரத்துக்குள் அலை வந்தது. ஆச்சே மாநிலத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சிமெலுவேக்கோ அவ்வளவு அவகாசமும் கிடைக்கவில்லை. தீவின் வடமுனையிலுள்ள லாங்கி என்னும் ஊரை, நடுக்கம் நின்று சுமார் 8 நிமிடங்களில், 10 மீட்டருக்கும் உயர்ந்த அலை தாக்கியது. வீடுகள் அடித்தளத்தோடு போயின. ஆனால் ஊர் மக்கள் ஏறத்தாழ 800 பேரும் அப்போது குன்றின் மேல் இருந்தனர்! வானொலி எச்சரிக்கவில்லை, அரசு அறிவிக்கவில்லை. ‘ஸ்மோங்! ஸ்மோங்!’ என்ற கூக்குரல் ஒன்றே தீவெங்கும் கேட்டது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் 7 பேர் மட்டுமே. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 அன்று 8.6 அளவில் மற்றொரு நடுக்கம் வந்து நியாஸில் பலநூறு உயிர்களைக் கொண்டுபோனது. அவ்வாண்டிலேயே பேரிடர்க் குறைப்புக்கான ஐ.நா. சபையின் சசகாவா விருது சிமெலுவே மக்களைச் சிறப்பித்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நம் கடமை. சிமெலுவே மக்கள் நல்லோர், ஆகவே பிழைத்தனர். ஆச்சே மக்கள் பாவிகள், ஆகவே அழிந்தனர் என்று யாரும் பேசலாகாது. இரு கரையினரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்களே. நீரில் மூழ்கி இறப்போர் ஷஹீதுகளின் பட்டியலில் சேர்வர் என்பது நபிமொழி காட்டும் தீர்ப்பு. அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு ஒன்றே: ஒரு கரையில் முன்னோரின் அமானிதம் கைமாறி வந்தது, மறு கரையில் இடையில் அறுந்துபோனது.

நம் கரையின் கணக்கு

நம் கரைக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே கடலடியில் நிகழ்ந்த பெருநடுக்கத்தின் அலை, சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் கடல்மட்டம் அளக்கும் கருவிகளில் பதிவாயிற்று. சிறிய அலை என்பதால் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு நேர் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நடுக்கம் ஏற்பட்டு நம் வீட்டுப் பாத்திரங்களை உருட்டியது. அதன் பின்னரும் கடல் என்ன செய்யக்கூடும் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

2004-இல் பேரலை நம் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. லாங்கி மக்களுக்குக் கிடைத்தது 8 நிமிடம். நமக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். ஆயினும் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேரையும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேரையும் இழந்தோம். இவ்வறுநூறில் பெரும்பகுதி காரைக்காலைச் சேர்ந்தது. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவச் சகோதரர்களுக்கு உணவளித்து அரவணைத்ததை நாடே போற்றியது. துயரம் வந்தபின் ஓடி உதவும் குணம் நம்மிடம் குறைவில்லை. துயரத்துக்கு முன் எச்சரிக்கும் சொல்தான் நம்மிடம் இல்லாதிருந்தது.

இன்று நிலை மாறியுள்ளது. ஹைதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது. மக்களும் கரையை விட்டு அகன்றனர். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. ஆனால் அன்று மக்களை ஓடச் செய்தது எச்சரிக்கை மட்டுமன்று. ஏழாண்டுகளே ஆகியிருந்த நினைவும்தான்.

அந்நினைவு இனி எத்தனை நாள் நிற்கும்? புயலை நாம் மறப்பதில்லை. 2011-இல் ‘தானே’, 2024-இல் ‘ஃபெஞ்சல்’ என்று அடிக்கடி வந்து அதுவே நினைவூட்டி விடுகிறது. ஆழிப்பேரலை அப்படியன்று. அடுத்தது நம் பேரர் காலத்திலும் வரலாம். அவர்தம் பேரர் காலத்திலும் வரலாம். 2004-க்குப் பின் பிறந்த நம் பிள்ளைகள் இன்று மீசை அரும்பிய வாலிபர்கள். அவர்களுக்கு அது பாடநூலில் வரும் ஒரு தேதி மட்டுமே.

நாம் செய்யத்தக்கது

சிமெலுவேயின் பாடத்தை எழுத்துக்கு எழுத்து நாம் பின்பற்ற இயலாது. அவர்களுக்கு நிலநடுக்கமே பாங்கு சொல்லி அழைத்துவிடும். நமக்கோ நிலம் நடுங்குவது கடலுக்கு அப்பால். இங்கே அது உணரப்படாமலே போகலாம். ஓடி ஏற அவர்களுக்குக் குன்று உண்டு. நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் முதலாக நம் கிழக்கே உள்ளதெல்லாம் சமவெளிக் கரை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய சொல் வேறு. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ பொங்கினாலோ, அல்லது அரசின் எச்சரிக்கை வந்தாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேற்கு நோக்கி, கரையையும் கழிமுகத்தையும் விட்டு வெகுதூரம் செல்ல வேண்டும். அருகில் உறுதியான மாடிக் கட்டடம் இருந்தால் அதில் ஏற வேண்டும். முதல் அலையோடு முடிந்தது என்று எண்ணித் திரும்பலாகாது. அடுத்தடுத்த அலைகள் அதனினும் பெரியவையாக இருக்கக்கூடும். அதிகாரிகள் அறிவித்த பின்னரே வீடு திரும்ப வேண்டும்.

இதன் பொருட்டு நிர்வாகத்தினர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி ஜுமுஆவில் இச்செய்தி பயானில் இடம்பெறட்டும். மக்தப் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு வகுப்பு இதற்கென ஒதுக்கப்படட்டும். அரசின் எச்சரிக்கை வருமாயின், நேரம் பாராது, நம் பள்ளியின் ஒலிபெருக்கி வாயிலாக அதனை மஹல்லாவாசிகளுக்கும் அக்கம்பக்கத்துச் சகோதர சமயத்தவருக்கும் உடனே அறிவிக்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படட்டும். மூன்றுக்கும் பெரும் செலவில்லை.

2004-ஐக் கண்ணால் கண்ட பெரியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களை அமரவைத்துப் பிள்ளைகளைக் கேட்கச் செய்வோம். கேட்டவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். முன்னோர் தந்த அமானிதத்தைப் பின்னோர்க்குக் குறைவின்றிச் சேர்ப்பித்த கூட்டத்தில் வல்ல ரஹ்மான் நம்மையும் சேர்த்தருள்வானாக! அன்று மாண்ட அனைவரின் குடும்பத்தாருக்கும் ஆறுதலை அளிப்பானாக! ஆமீன்.