மலைப்பள்ளியும் மத்ரஸாவும்

சேலத்திலிருந்து ஏறும் பாதை இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து முடிந்ததும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. சமவெளியின் புழுக்கம் கீழே தங்கிவிட, காப்பித் தோட்டங்களின் ஈர மணம் எதிர்கொண்டு அழைக்கிறது. ஏரியும் காடும் இணைந்து பெயர் பெற்ற ஏற்காடு, சேர்வராயன் மலையின் மடியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் புகுத்தினார். அதற்கு நெடுங்காலம் முன்பே இது ‘மலையாளி’ எனப்படும் தமிழ் பேசும் மலைமக்களின் தாயகமாக இருந்து வந்தது.

காப்பியால் மட்டுமன்றி விடுதிப் பள்ளிகளாலும் ஏற்காடு பெயர் பெற்றது. 1894இல் குளூனி சபைக் கன்னியர் பெண்களுக்கெனத் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினர். 1917இல் புனித காபிரியேல் சபைச் சகோதரர்கள் ஆண்களுக்கென மான்ட்ஃபோர்ட் பள்ளியை நிறுவினர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள், தமக்குப் பழக்கமில்லாத குளிரில், மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, மணியோசைக்கு உறங்கிய இடம் இம்மலை.

கல்வி தேடி அயலூர் சென்றவர்களைப் பற்றி நம் நூல்கள் நிறையப் பேசுகின்றன. இன்னாரிடம் இன்ன நூலைப் பாடம் கேட்டார் என்று எழுதுகின்றன. ஆனால் அவருக்குச் சோறு இட்டவர் யார்? காய்ச்சலில் கிடந்தபோது அருகில் இருந்தவர் யார்? ஊர் நினைவு வந்தபோது எந்த மொழியில் யாரிடம் சொல்லி ஆறினார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதும் வரலாறே. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் குடும்பங்கள் பெருகிவிட்ட இந்நாளில், அவ்விடைகள் நமக்குத் தேவையும்கூட.

மலை ஏறிய ஐரோப்பா

ஏற்காட்டுப் பள்ளிகள் தோன்றிய காலத்தின் நோக்கத்தை அறிய, 1860ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். வைசிராய் கானிங் பிரபு அவ்வாண்டு எழுதிய குறிப்பொன்றில், இந்தியாவில் வாழும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மலைவாழ் இடங்களில் பள்ளிகள் வேண்டும் என்று வலியுறுத்தினார். சமவெளியின் வெப்பமும் நோயும் அதற்கு ஒரு காரணம். இந்நாட்டாரின் பழக்கவழக்கம் தம் பிள்ளைகளிடம் படிந்துவிடுமோ என்ற அச்சம் மற்றொரு காரணம். தாயகம் அனுப்பிப் படிக்கவைக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு, இந்தியாவிலேயே ஒரு சிறு தாயகத்தை மலைமேல் கட்டித் தருவதே திட்டம். உதகை, டார்ஜிலிங், முசூரி ஆகிய ஊர்களின் பள்ளிகள் பல இந்நோக்கத்தோடு இயங்கின. ஏற்காடும் அவ்வரிசையில் சேர்ந்தது.

இப்பள்ளிகள் அளித்த கல்வியைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. ஒழுங்கும் விளையாட்டும் நூற்பயிற்சியும் அங்கே செழித்தன. ஆயினும் அம்மாணவனின் அன்றாடத்தை எண்ணிப் பார்ப்போம். அவன் இந்திய மண்ணில் நின்றான். பாடமோ இங்கிலாந்தின் பாடம். உணவும் உடையும் விழாவும் அந்நாட்டின் மரபில் அமைந்தவை. மதிலுக்கு அப்பால் தோட்டத் தொழிலாளி பேசிய தமிழ் அவன் காதில் விழுந்திருக்கும். அதைக் கற்கும் கட்டாயம் அவனுக்கு இல்லை. அயல்நாட்டில் வாழ்ந்தும் அந்நாட்டாரின் விருந்தினராக ஆகாமலே வளர்ந்துவிட முடியும் என்பதற்கு அம்மலைப் பள்ளிகள் ஒரு சான்று.

இதற்கு நேர்மாறான மரபொன்று இதே தமிழகத்தில் இருந்தது. அதன் வேரைக் காண நாம் வட ஆப்பிரிக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

துனீஸ் வாயிலில் ஓர் இளைஞர்

1325ஆம் ஆண்டில் மொரோக்கோவின் தாஞ்ஜியர் நகரிலிருந்து இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் தனியே புறப்பட்டார். அவரே பின்னாளில் உலகம் புகழ்ந்த பயணி இப்னு பதூதா. ஹஜ்ஜும் கல்வியும் அவர் நாட்டங்கள். வழியில் கடுங்காய்ச்சல். விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். துனீஸ் நகரை அடைந்தபோது ஊரார் திரண்டு வந்து உடன் வந்தோருக்கெல்லாம் ஸலாம் சொல்லி நலம் கேட்டனர். அவரை அறிந்தவர் எவருமில்லை. ஆதலின் அவருக்கு ஸலாம் சொன்னவரும் இல்லை. நெஞ்சம் பொறுக்காமல் அழுதுவிட்டார். ஹாஜி ஒருவர் அதைக் கண்டு அருகில் வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் புகும்வரை அன்போடு பேசிக்கொண்டே வந்தார். அன்றிரவு இளைஞர் தங்கியது ஒரு மத்ரஸாவில்.

அடுத்த ஆண்டு திமிஷ்கில் ரமளான் மாதம். மாலிகி மத்ஹபின் பேராசிரியர் நூருத்தீன் ஸகாவி அவரைத் தம்முடன் நோன்பு திறக்க அழைத்தார். நான்கு இரவுகள் சென்றார். மீண்டும் காய்ச்சல் கண்டு வராது நின்றார். பேராசிரியர் ஆளனுப்பி வரவழைத்து, இவ்வீட்டை உன் வீடாகவே கருதிக்கொள் என்று சொல்லி, மருத்துவரை அழைத்துப் பெருநாள்வரை வைத்துப் பேணினார். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் அவர் ஸஹீஹுல் புகாரி பாடம் கேட்டதும் அவ்வாண்டில்தான். பாடம் கேட்டார் என்பதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதைக் கேட்கும் உடல்நிலையையும் மனநிலையையும் அளித்த அந்த வீட்டை மறந்துவிடுகிறோம்.

நம் தமிழ் மண்ணும் அவரை நோயில் கண்டது. 1340களில் மதுரைச் சுல்தானின் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது அவரும் படுத்தார். இங்கே மலிந்து கிடந்த புளியை நீரில் கரைத்துக் குடித்தே குணமடைந்ததாகத் தம் பயண நூலில் பதிவு செய்கிறார். அயலூரின் அறிவு சில வேளைகளில் சமையலறையிலிருந்தும் வந்து சேர்கிறது!

ரொட்டியும் ருவாக்கும்

தனிமனிதரின் பரிவு மட்டுமே நம்பத்தக்க ஏற்பாடாகாது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ‘ருவாக்’ என்னும் பகுதிகள் அமைந்தன. மொரோக்கோ நாட்டாருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஷாம் நாட்டாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, ஜாவா முதலிய கீழைத் தீவினருக்கு ஒன்று என நாடுவாரியாக மாணவர் அங்கே தங்கினர். வக்ஃபு வருவாயிலிருந்து அன்றாடம் ரொட்டி அளந்து தரப்பட்டது. சொந்த மொழி பேசுவோருடன் உறங்கி, எல்லா மொழியினருடனும் ஒரே பள்ளிவாசலில் பாடம் கேட்கும் ஏற்பாடு இது. தன் ஊரையும் இழக்காமல், வந்த ஊரையும் ஒதுக்காமல் வாழ வழி செய்த அறிவுடைமை அதில் உண்டு.

இந்தியாவில் 1866இல் தொடங்கிய தேவ்பந்த் மத்ரஸாவின் முதல் ஆண்டுகளில், வெளியூர் மாணவருக்கு ஊரார் தத்தம் வீடுகளில் உணவளித்தனர். இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. பிறர் வீட்டு வாயிலில் அன்றாடம் நிற்கும் மாணவனின் தன்மானம் எவ்வளவு வாடியிருக்கும்! பொதுச் சமையலறையும் விடுதியும் பின்னர் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

கீழக்கரையும் வேலூரும்

அம்மரபு தமிழகத்தில் தழைத்த இடங்களுள் இரண்டை இங்கே காண்போம். ஒன்று கீழக்கரை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் (1816–1898) அரூஸிய்யா மத்ரஸாவுக்கு இலங்கையிலிருந்தும் மாணவர் வந்தனர். அவர்களுக்கு அது அயல்நாடு என்றாலும் அயல்மொழி அன்று. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் கடலின் இருகரையிலும் வழங்கிற்று. ஆலிம் அவர்களின் ‘மகானி’யைக் கீழக்கரையில் படித்த அதே எழுத்தில், ஊரிலிருந்த தாய்க்கு மடலும் எழுதலாம்.

மற்றொன்று வேலூர். ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் (1831–1919) மக்கா நகரில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்களிடம் கல்வி பெற்று ஊர் திரும்பியவர். தாமே அயலூர் மாணவராக வாழ்ந்த அப்பெரியார் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், கேரளம், இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் இளைஞர்களை ஈர்த்தது. இலங்கை மாணவர், 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல்வரை இயங்கிய தலைமன்னார், தனுஷ்கோடி வழியில் கப்பலும் ரயிலும் மாறி வரலாம். மலாயா மாணவருக்கோ பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்திற்கோ சென்னைக்கோ வரும் கப்பல். 1926 முதல் 1973 வரை அக்கடலில் ஓடிய ‘ரஜூலா’வை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அந்நாளில் அரிது.

மலாய் மாணவனின் நிலையைச் சற்று எண்ணுக. கையிலே அரபு நூல், ஆசிரியர் விளக்கமோ உருதுவில், கடைவீதியில் தமிழ், நெஞ்சிலே மலாய். ஒரே நாளில் நான்கு மொழிகளுக்கிடையே அவன் நடமாட வேண்டும். சோறு அவனுக்குப் புதிதன்று. புளிக்குழம்பும் ரசமும் புதியவை. அவனுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ‘ஜாவி’ முறையில் சில புதிய எழுத்துகள் சேர்ந்திருப்பதுபோலவே அரபுத்தமிழிலும் சேர்ந்திருக்கும். தன் மக்களைப் போன்றே இவர்களும் தம் மொழியை அவ்வெழுத்துக்குள் பொருத்திக்கொண்டவர்கள் என்பதை அவன் கண்ணே அவனுக்குச் சொல்லும்.

கற்று முடித்து ஊர் திரும்பியவர்கள் தம் பெயரோடு ‘பாகவி’ என்பதைச் சேர்த்துக்கொண்டனர். தமிழகத்தின் ஒரு கல்விக்கூடத்தின் பெயர் கடல் கடந்த ஊர்களின் பள்ளிவாசல்களில் வழங்கலாயிற்று. வணிகர் ஏற்றுமதி செய்த துணிகள் கிழிந்துபோயின. இந்தப் பெயர் கிழியவில்லை.

மலை கற்பிக்கும் பாடம்

இங்ஙனம் சொல்வதால் மலைப்பள்ளியெல்லாம் தாழ்ந்தது, மத்ரஸாவெல்லாம் உயர்ந்தது எனத் தீர்ப்பளித்துவிடலாமா? நேர்மை அதற்கு இடம் தராது. 1894இலேயே ஏற்காட்டில், வீட்டைவிட்டு வந்த பெண்பிள்ளைகள் பாதுகாப்பாகத் தங்கிப் படிக்க ஒரு பள்ளி இருந்தது. அந்நாளில் நம் ருவாக்குகளிலும் மத்ரஸா விடுதிகளிலும் அயலூர்ப் பெண்ணுக்கு ஓர் அறை இருந்ததா? கல்வி தேடிய பயணத்தை இவ்வளவு போற்றிய சமுதாயம், அப்பயணத்தில் பாதிப் பேருக்கு வழியே வைக்கவில்லை. இக்குறையை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

மேலும், மலைமேல் வந்தவர் அனைவரும் மதிலுக்குள் அடங்கிவிடவில்லை. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1858இல் இந்தியா வந்தவர். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்டவர். ஏற்காட்டில் வீடு அமைத்து வாழ்ந்த அவர், மலைமக்கள் தம் சிறு கோயில்களில் வைத்துப் போற்றிய மெருகேற்றிய கற்கோடரிகளைக் கவனித்து ஆராய்ந்தார். கற்க வந்தவன் உள்ளூராரின் வாயிலுக்குச் சென்றால்தான் கிடைக்கும் அறிவு அது. 1912இல் மறைந்த அவருக்கு ஏற்காட்டின் திருத்துவ தேவாலயத்தில் நினைவிடம் உண்டு.

விடுதலைக்குப் பின் மலைப்பள்ளிகளும் மாறின. எல்லாச் சமயத்து இந்தியப் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர். முன்னாளில், பிள்ளை படிக்கக் கடல் கடந்தான். பெற்றோர் ஊரில் இருந்தனர். இந்நாளில் பெற்றோர் வளைகுடாவில் உழைக்க, பிள்ளை இந்திய விடுதியில் வளரும் குடும்பங்கள் எத்தனை! பிரிவின் திசை மாறியது, பிரிவு மாறவில்லை.

நம் வாயிலில் நிற்பவர்

விடுதலை பெற்ற இந்தியா இம்மரபை அரசின் கடமையாகவே ஏற்றது. முதற்கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950இல் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை நிறுவினார். அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகை அளித்து வரவழைக்கும் பணியை அக்கழகம் இன்றும் செய்து வருகிறது. மௌலானா 1888இல் பிறந்தது மக்காவில் என்பதை இங்கே நினைக்க வேண்டும். பல நாட்டு மாணவர் கூடிய நகரில் கண் விழித்தவர், பல நாட்டு மாணவரைத் தம் நாட்டுக்கு அழைத்தது பொருத்தமே.

உதவித்தொகை கட்டணத்தைக் கட்டும். துனீஸ் வாயிலில் நின்ற இளைஞனின் கண்ணீரைத் துடைக்காது. இன்று தமிழக நகரங்களில் ஆப்பிரிக்க நாட்டினரும் மேலை ஆசிய நாட்டினரும் கல்லூரிகளில் பயில்கின்றனர். வாடகைக்கு வீடு கேட்டு அவர்கள் வரும்போது நம் கதவு எப்படித் திறக்கிறது? நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசல் வரிசையில் நிற்கும் அயல்முகத்தை நாம் பெயர் கேட்டு அறிந்ததுண்டா? பெருநாளன்று அவர் எங்கே உண்டார் என்று எண்ணியதுண்டா?

நம் மகன் ஜெர்மனியிலோ மலேசியாவிலோ படிக்கிறான்; மகள் பிரிட்டனில் விடுதியில் இருக்கிறாள். அவர்களுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், அங்கே யாராவது ஒரு நல்ல மனிதர் கதவைத் தட்டிக் கேட்கமாட்டாரா என்று இரவெல்லாம் ஏங்குகிறோம். அந்த நல்ல மனிதராக நாம் இங்கே இருக்கக் கூடாதா?

அந்தத் துனீஸ் ஹாஜியின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர் செய்ததும் பெரிய காரியமன்று; ஒரு ஸலாம், சிறிது நேரப் பேச்சு. அதை அந்த இளைஞர் ஏறத்தாழ முப்பதாண்டு அலைந்து ஊர் திரும்பிய பின்னும் மறக்காமல் சொல்லி எழுதுவித்தார்.